கடலிற் கரைத்த பெருங்காயம்

1

கடலிற் கரைத்த பெருங்காயம் என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. சிறிய பொருளொன்று பெரும்பரப்பிற் சேர்ந்து, மணமும் சுவையும் தெரியாமல் மறைந்துபோவதை அது குறிக்கும். இதனை முதலிற் சொன்ன பாமரன் அடுப்படியையும் கடலையும் அறிந்தவன். அவன் கூற்றிற் பிழையில்லை. ஆனால் அவன் கரைத்தது ஒரு சிட்டிகைப் பெருங்காயம். ஒரு நகரத்தின் மலசலம் முழுவதையும் நாள்தோறும் ஓரிடத்திற் கொண்டுவந்து கொட்டினாலும் கடல் அவ்வாறே விழுங்கிவிடும் என்னும் நம்பிக்கை நகரங்களை ஆண்டோரும் அவர்தம் பொறியியலாளரும் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக வளர்த்தெடுத்தது. அந்நம்பிக்கைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. பொருளாதார அடிப்படை உண்டு. அதனால் இலாபம் பெற்றோரும் நட்டமடைந்தோரும் உண்டு. ஆகவே அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

முடிசூட்டு விழாக்களையும் போர்களையும் வரலாறு எனக் கற்பித்துப் பழகிய வகுப்பறைகளில் மலக்குழியின் வரலாற்றை எடுத்துரைப்பது சிலருக்கு அருவருப்பாகத் தோன்றலாம். எனினும் ஒரு சமுதாயம் தன் செல்வத்தை எவ்வாறு பங்கிடுகிறது என்பதைப் போலவே, தன் கழிவை எவருடைய வாசலிற் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பதும் அதன் இயல்பைக் காட்டிக்கொடுக்கும். இக்கட்டுரை பசிபிக் சமுத்திரத்தின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில், கானேயோஹே என்னும் குடாவின் வரலாற்றை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. கழிவுநீர் முருகைக்கற்களை என்ன செய்கிறது என்பதையும், அதனை நிறுத்தினால் என்ன நிகழும் என்பதையும் அறிவியலாளர் கண்ணெதிரே கண்டு பதிவுசெய்த இடங்களுள் அது தலையாயது.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் உலகின் மிகப் பெரிய நகரமாக விளங்கியது. கிராமங்களில் நிலமிழந்தோர் வேலை நாடி வந்து அங்கே குவிந்தனர். வீடுகளின் அடியிலிருந்த மலக்குழிகளை இரவில் அள்ளி அயற்கிராமத்து வயல்களுக்கு எருவாக விற்பது முன்னைய வழக்கம். நகரம் விரிந்து வயல்கள் தொலைவாகியபோது அவ்வணிகம் கட்டுப்படியாகாமற் போயிற்று. நீரூற்றிக் கழுவும் மலசலகூடங்கள் பரவியபோது குழிகள் நிரம்பி வழிந்தன. வழிந்தது தேம்ஸ் நதியை அடைந்தது. அந்நதியின் நீரையே மக்களிற் பெரும் பகுதியினர் குடித்தனர். 1848, 1849 ஆம் ஆண்டுகளிற் பரவிய கொலரா நோய்க்கு லண்டனில் மாத்திரம் 14,000 பேருக்கு மேற்பட்டோர் பலியாயினர். 1854 இல் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர், தெருவோர நீர்க்குழாயொன்றுக்கும் அயலிலே நிகழ்ந்த மரணங்களுக்கும் உள்ள தொடர்பை எண்ணிக் காட்டினார். ஆட்சியாளர் அசையவில்லை. 1858 ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் துர்நாற்றம் அதன் கரையிலிருந்த பாராளுமன்றத்துள் நுழைந்தது. குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் நனைத்த திரைச்சீலைகளைச் சாளரங்களில் தொங்கவிட்டும் பயனில்லாது போயிற்று. சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. ஏழைகளின் சாவு பத்தாண்டுகளிற் சாதியாததைப் பிரதிநிதிகளின் மூக்கு ஒரு கோடையிற் சாதித்தது.

ஜோசப் பசல்ஜெற் என்னும் பொறியியலாளர் அமைத்த மாபெரும் நிலத்தடிச் சாக்கடைகள் நகரத்தின் கழிவைக் கிழக்கே பெக்டன், குறொஸ்னெஸ் என்னும் இடங்களுக்குக் கொண்டுசென்றன. வற்றுப்பெருக்கு வேளை பார்த்து, யாதொரு சுத்திகரிப்புமின்றி, அது நதியின் கழிமுகத்திற் திறந்துவிடப்பட்டது. நகர மக்களைக் கொலராவிலிருந்து காத்த பெருஞ்செயல் இது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் நகரம் பெற்ற நலத்திற்கான விலையைக் கழிமுகம் செலுத்திற்று. 1878 செப்டெம்பர் 3 ஆம் நாள் பிரின்செஸ் அலிஸ் என்னும் பயணக் கப்பல், கழிவு திறந்துவிடப்பட்ட சிறிது நேரத்தில், அந்த வாய்க்கால்களுக்கு அண்மையிலேயே மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் மாண்டனர். அதன் பின்னரே கழிவிலுள்ள திண்மத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சிகள் தொடங்கின. அப்போதும், பிரித்தெடுத்த சேற்றைக் கப்பல்களில் ஏற்றிக் கடலிற் கொட்டவே செய்தனர்; அவ்வழக்கம் 1998 வரை நீடித்தது.

இதிலுள்ள முரண்பாட்டை அக்காலத்திலேயே கண்டோர் உண்டு. நிலத்திலிருந்து உணவாக நகரத்திற்கு வந்த சத்து, மீண்டும் நிலத்தை அடையாமற் கடலிற் கலப்பதை ஜேர்மானிய இரசாயனவியலாளர் லீபிக் கண்டித்தார். அவரது ஆய்வுகளை ஊன்றிப் படித்த மார்க்ஸ், மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், நாற்பத்தைந்து இலட்சம் மக்களின் கழிவைக் கொண்டு பெருஞ்செலவில் நதியைக் கெடுப்பதைத் தவிர லண்டன் வேறொன்றும் செய்யத் தெரியாதிருக்கிறது என்னும் கருத்தை எழுதிச் சென்றார். அதே காலத்தில் ஆங்கிலேய வயல்களுக்கு எருவாகப் பெருவிலிருந்து கடற்பறவைகளின் எச்சம் கப்பல் கப்பலாக வந்திறங்கியது என்பதையும், சின்சாத் தீவுகளில் அதனை வெட்டியெடுத்த சீனக் கூலிகள் அடிமைகள் போல் மடிந்தனர் என்பதையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். சொந்த எருவைக் கடலிற் கொட்டிவிட்டு, அயலார் உழைப்பைச் சுரண்டி வேறு எரு வாங்கிய விந்தை அது!

பேரரசு சென்ற இடமெங்கும் இம்முறையும் சென்றது. கடல் அருகிலிருந்தால் குழாயைக் கடலுக்குத் திருப்புவதே மலிவான வழி. ஆனால் தேம்ஸின் கலங்கிய கழிமுகமும் வெப்பவலயத்து முருகைக்கற் கடலும் ஒன்றல்ல.

3

முருகைக்கல்லை நம்மவர் கல் என்றே அழைப்பர். சுண்ணாம்பு சுடவும் மதில் கட்டவும் அதனைப் பயன்படுத்தியதால் வந்த பழக்கம் அது. உண்மையில் அது கோடானுகோடி நுண்ணிய விலங்குகளின் குடியிருப்பு. பொலிப்பு எனப்படும் மென்மையான சிற்றுயிர், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தனக்கென ஒரு கிண்ணத்தைக் கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்ட அக்கிண்ணங்களே பாராக உயர்ந்து அலைகளைத் தடுக்கின்றன, மீன்களுக்கு உறைவிடமாகின்றன.

முருகைக்கற் பார்களின் தோற்றம் பற்றிச் சாள்ஸ் டார்வின் 1842 இலேயே ஒரு நூல் வெளியிட்டார். சத்துப் பொருள் மிகக் குறைந்த தெளிந்த நீரில் இத்துணை உயிர்கள் எவ்வாறு செழித்து வாழ்கின்றன என்னும் புதிர் அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. பிற்கால ஆய்வு விடையின் பெரும் பகுதியைக் கண்டறிந்தது. பொலிப்பின் உடலுள்ளே நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கிப் பொலிப்புக்கு வழங்குகின்றன. பொலிப்பின் கழிவிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் தமக்கு உரமாக ஏற்கின்றன. ஒருவர் கழிவு மற்றவர்க்கு உணவு, எதுவும் வீணாவதில்லை. நாம் கண்டு வியக்கும் கடலின் நீலத்தெளிவு சத்தில்லா வறுமையின் நிறமாகும். அவ்வறுமையிலே சிக்கனமாகக் கூடிவாழும் கலையினாலேயே முருகைக்கல் பிற உயிர்களை வென்று நிற்கிறது.

இந்நீரிற் கழிவுநீர் கலக்கும்போது நிகழ்வது யாது? முதலாவதாக, நைதரசனும் பொசுபரசும் பெருகி, நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள் தழைக்கின்றன. நீர் பச்சையாகக் கலங்கி, அடியிலுள்ள முருகைக்கல்லுக்குச் செல்லவேண்டிய ஒளி குறைகிறது. இரண்டாவதாக, மெதுவாக வளரும் முருகைக்கல்லை விரைந்து வளரும் கடற்பாசிகள் மூடிக்கொள்கின்றன. மூன்றாவதாக, மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்து உண்ணும் பஞ்சுயிர்களும் புழுக்களும் சிப்பிகளும் பெருகி, சுண்ணாம்புக் கல்லைத் துளைத்து அரிக்கின்றன. நான்காவதாக, அழுகும் பொருள்கள் நீரிலுள்ள ஒட்சிசனைக் குடித்துவிடுகின்றன. ஐந்தாவதாக, மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிகள் முருகைக்கல்லையே தாக்குகின்றன. புளோரிடாக் கரையில் மான்கொம்பு போற் கிளைத்து வளரும் ஒருவகை முருகைக்கல்லில் வெண்கொப்புளம் போன்ற நோய் பரவி அதனைப் பெருமளவில் அழித்தது. செறாசியா மார்செசன்ஸ் என்னும் பற்றீரியாவே காரணம் என 2002 இல் கண்டனர். மனிதக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த அதே பற்றீரியா அந்நோயை உண்டாக்கும் என்பது 2011 இல் சோதனை மூலம் நிறுவப்பட்டது. மனிதனின் நோய் கடலடி உயிருக்குத் தொற்றியது என்பது சிந்திக்கத்தக்கது.

4

கானேயோஹே குடா ஓஆஹு தீவின் வடகீழ்க் கரையில், செங்குத்தான மலைத்தொடரின் அடியில் அமைந்தது. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீற்றர். அகலம் 4 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஹவாய்த் தீவுகளிற் காற்றுக்கும் அலைக்கும் ஒதுங்கிய குடாக்களுள் இதுவே பெரியது. வெளிப்புறத்தில் ஒரு நீண்ட தடுப்புப் பாரும், உள்ளே திட்டுத் திட்டாகப் பல முருகைக்கற் பார்களும் உள்ளன.

ஐரோப்பியர் வருமுன் அத்தீவு மக்கள் நிலத்தை மலையுச்சி தொடக்கம் கடல்வரை நீளும் துண்டங்களாக வகுத்திருந்தனர். அஹுபுவா என்பது அதன் பெயர். மலையிலிருந்து இறங்கும் ஓடை சேம்பு வயல்களிற் தேங்கிப் பாய்ந்து, வண்டலை அங்கே இறக்கிவிட்டு, கரையோர மீன்குளங்களை அடைந்து, பின்னரே கடலிற் கலந்தது. ஹேஏஇயா என்னும் இடத்தில் ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட மீன்குளத்தின் சுற்றுச்சுவர் இரண்டு கிலோமீற்றர் நீளமுடையது. இச்சமுதாயத்தைப் பொற்காலமாக வருணிப்பது தவறாகும். அங்கும் தலைவர்களும் திறை செலுத்தும் குடிகளும் இருந்தனர். ஆனால் மேட்டில் வாழ்வோர் செய்வது பள்ளத்தில் வாழ்வோரைத் தாக்கும் என்னும் அறிவு அவர்களது நிலப் பங்கீட்டிலேயே பதிந்திருந்தது.

1778 இல் கப்டன் குக் வந்தார். வந்த கப்பல்களோடு நோய்களும் வந்தன. 1890 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் சுதேச மரபினர் கலப்பினரையும் சேர்த்து ஏறக்குறைய 40,000 பேரே எஞ்சியிருந்தனர். 1848 இல் நிலம் தனியுடைமையாக்கப்பட்டது. 1850 இல் அந்நியரும் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கு வளர்ந்து, 1893 இல் அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நிற்க, இராணி லிலியுஓகலானி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1898 இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. 1916 இல் வாயாஹொலே என்னும் கால்வாய் மலையைக் குடைந்து கட்டிமுடிக்கப்பட்டது. குடாவை நோக்கி ஓடிய நீர், மறுபக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டது. சேம்பு வயல்கள் வறண்டன. சரிவுகளில் அன்னாசி பயிரிடப்பட்டபோது மண் கரைந்து குடாவிற் படிந்தது.

அவ்வாறிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடாவின் தென்கோடி முருகைக்கற் பூங்கா எனப் புகழ்பெற்றிருந்தது. கண்ணாடி அடித்தளப் படகுகளிற் சென்று உல்லாசப் பயணிகள் அதனைக் கண்டுகளித்தனர். பின்னர் யுத்தத்தின் நிழல் படர்ந்தது. 1939 முதல் யுத்தம் முடியும்வரை கடல்விமானத் தளத்திற்காகக் குடாவின் அடித்தளம் தோண்டப்பட்டது. ஒரு கோடி கனமீற்றருக்கு மேற்பட்ட முருகைக்கல்லும் மணலும் அகற்றப்பட்டன. 1941 டிசம்பர் 7 ஆம் நாள் பேர்ள் துறைமுகத்திற் குண்டு விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஜப்பானிய விமானங்கள் தாக்கியது இத்தளத்தையே. ஒரு குடாவின் மீது ஏகாதிபத்தியப் போட்டி விழுந்தது என்பது இங்கே உருவகமன்று.

5

யுத்தத்தின் பின் கழிவுநீரின் காலம் தொடங்கியது. படைத்தளத்தின் கழிவு 1951 முதல் குடாவில் விடப்பட்டது. 1959 இல் ஹவாய் அமெரிக்க ஒன்றியத்தின் ஒரு மாநிலமாயிற்று. 1960 ஐ அடுத்த ஆண்டுகளில் மலைத்தொடரைக் குடைந்த சுரங்க நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டன. தலைநகர் ஹொனலுலுவில் வேலை செய்வோர் குடியிருக்கும் புறநகராகக் கானேயோஹே வளர்ந்தது. நில வணிகர் மனைகளைப் பிரித்து விற்றனர். அம்மனைகளின் கழிவு எங்கே செல்லும் என்பது அவர்தம் கணக்கேட்டில் இடம்பெறாத செலவாயிற்று. 1963 இல் நகரசபையின் சுத்திகரிப்பு நிலையம் தென்குடாவிற் கழிவுநீரை விடத்தொடங்கியது. நீர் வெளிக்கடலோடு கலப்பதற்கு மிகத் தாமதமாகும் மூலை அது. 1977 அளவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கனமீற்றர் கழிவுநீர் குடாவை அடைந்துகொண்டிருந்தது.

இங்கு ஓர் உண்மையை அழுத்திக் கூறவேண்டும். நகரசபை விட்டது பச்சைச் சாக்கடையன்று. இரண்டாம் நிலைவரை சுத்திகரிக்கப்பட்ட நீர். கண்ணுக்கு ஓரளவு தெளிந்தது. அழுகும் பொருள் பெரும்பாலும் நீக்கப்பட்டது. ஆயினும் அத்தகைய சுத்திகரிப்பு நைதரசனையும் பொசுபரசையும் பெருமளவில் நீக்குவதில்லை. மனிதனுக்குத் தீங்கற்றது எனக் கருதப்பட்ட நீரே முருகைக்கல்லுக்கு நஞ்சாயிற்று.

குடாவின் நடுவே உள்ள மோகு ஓ லோஎ என்னும் சிறு தீவில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு நிலையம் இருந்தது. அழிவு ஆய்வாளரின் வாசலிலேயே நிகழ்ந்தது. அவர்களுள் ஒருவரான அல்பேட் பானர் 1970 களிற் குடாவின் நிலையை எடுத்துரைத்தார். தென்பகுதியில் முருகைக்கல் பெரும்பாலும் மடிந்து, வடித்துண்ணும் உயிர்கள் அடித்தளத்தை நிறைத்திருந்தன. நடுப்பகுதியிற் குமிழ் குமிழாகத் திரளும் ஒரு பச்சைப்பாசி முருகைக்கற்களைப் போர்வையாக மூடி மூச்சடைத்தது. கழிவு எட்டாத வடபகுதியில் முருகைக்கல் ஓரளவு உயிரோடிருந்தது. ஒரே குடாவினுள் நோயும் நலமும் படிப்படியாக வரிசைப்பட்டு, காரணத்தைத் தாமே சுட்டிக்காட்டின.

அக்காலம் அமெரிக்காவில் மக்கள் இயக்கங்களின் காலம். வியட்நாம் யுத்த எதிர்ப்பும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டமும் எழுப்பிய அலையில், நீரும் காற்றும் நஞ்சாவதை எதிர்த்த குரலும் வலுப்பெற்றது. 1972 இல் நாடாளுமன்றம் தூய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. 1977, 1978 ஆம் ஆண்டுகளில் நகரசபையின் கழிவும் படைத்தளத்தின் கழிவும் குடாவிலிருந்து விலக்கப்பட்டு, மோகாபு முனைக்கு அப்பால் ஆழ்கடலில் முடியும் குழாய்க்குத் திருப்பப்பட்டன.

ஸ்ரீபன் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியோரும் இம்மாற்றத்தை ஒரு மாபெரும் சோதனையாகக் கொண்டு, முன்னும் பின்னும் அளந்து, 1981 இல் வெளியிட்டனர். சில மாதங்களிலேயே மிதக்கும் நுண்தாவரம் குறைந்து நீர் தெளிந்தது. வடித்துண்ணும் உயிர்கள் உணவின்றி மடிந்தன. முருகைக்கல்லின் பரப்பை 1970 ஐ அடுத்து அளந்திருந்த ஜேம்ஸ் மராகொஸ் 1983 இல் மீண்டும் அளந்தபோது, அது இரண்டு மடங்குக்கு மேலாகப் பெருகியிருந்தது. கழிவை நிறுத்தினால் கடல் மீளும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அதுவரை கிடைத்ததில்லை.

6

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் அது நன்னெறிக் கதையாக அமைந்திருக்கும். வரலாறு அவ்வாறு ஒழுங்காக முடிவதில்லை. 1990 இல் மீண்டும் அளந்தபோது மீட்சியின் வேகம் தளர்ந்திருந்தது. சில இடங்களிற் பச்சைப்பாசி திரும்பவும் பரவியிருந்தது. பாசியை மேயும் மீன்கள் மிகையான மீன்பிடியாற் குறைந்துபோயிருந்தன. அடித்தள வண்டலிற் சேர்ந்திருந்த சத்து கசிந்து அப்பாசிக்கு உணவாயிற்று. 1974 இல் வணிக நோக்குடன் பயிரிடக் கொண்டுவரப்பட்ட அந்நியக் கடற்பாசிகளும் பரவத்தொடங்கியிருந்தன. பச்சைப்பாசி இறுதியில் வீழ்ந்தது 2006 ஆம் ஆண்டில். பல வாரங்கள் விடாது பெய்த மழையும் முகில் மூட்டமும் ஒளியை மறைத்தபோதே அது அழிந்தது. கழிவுக் குழாயை மூடியபின் ஏறக்குறைய 28 ஆண்டுகள்! பத்துப் பதினைந்து ஆண்டுகளில் விளைவித்த கேடு அகல ஒரு தலைமுறைக்கு மேற் காத்திருக்கவேண்டியதாயிற்று. இயற்கை கடன் கொடுக்கும். வட்டியோடு திரும்பப் பெறும்.

மேலும், குழாயின் வாயை ஆழ்கடலுக்கு நகர்த்தியது பழைய நம்பிக்கையைக் கைவிட்டதாகுமா? குடா தப்பியது உண்மை. ஆனால் நிலத்தின் சத்து நிலத்துக்கு மீளவேண்டும் என்ற லீபிக்கின் கேள்வி அங்கும் விடையின்றியே நின்றது. அயலிலுள்ள மாவுயித் தீவிலோ சுத்திகரித்த கழிவுநீரைக் கடலில் விடாமல், கிணறு தோண்டி நிலத்தினுள் செலுத்தினர். கண்ணுக்கு மறைந்தது, பிரச்சினை தீர்ந்தது என்றனர். 2011 இல் அக்கிணறுகளிற் சாயம் கலந்து பார்த்தபோது, 84 நாட்களில் அது முருகைக்கற் பாருக்கு அருகே கடலடியிலிருந்து ஊறி வெளிப்பட்டது. சூழல் அமைப்புகள் தொடுத்த வழக்கில், நேரே கடலில் விடுவதற்கு நிகரான விளைவைத் தரும் இத்தகைய வெளியேற்றத்திற்கும் தூய நீர்ச் சட்டப்படி அனுமதி வேண்டும் என அமெரிக்க உயர்நீதிமன்றம் 2020 இல் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ஹவாய் மாநிலத்தில் 80,000 க்கு மேற்பட்ட மலக்குழிகள் இருந்தன. அவற்றை 2050 க்குள் மூடவேண்டுமென 2017 இற் சட்டம் இயற்றினர். ஆனால் செலவைச் செல்வந்த விடுதிகள் ஏற்பதா, சிறு வீட்டுக்காரர் ஏற்பதா என்னும் கேள்வி சட்டத்தோடு தீரவில்லை. தூய்மையும் வர்க்கப் பிரச்சினையே.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். கடல் சூடேறி முருகைக்கற்கள் வெளிறிச் சாகும் இக்காலத்தில், கழிவுநீரைப் பற்றிப் பேசுவது வீடு எரியும்போது முற்றம் கூட்டுவதாகாதா? கானேயோஹேயிலும் 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வெப்பத்தால் முருகைக்கல் வெளிறியது உண்மை. ஆனால் இவ்விரு கேடுகளும் தனித்தனியாக நிற்பனவல்ல. புளோரிடாவில் மூன்று ஆண்டுகள் சத்துப் பொருள் இட்டு நடத்திய சோதனையில், சத்து மிகுந்த இடத்து முருகைக்கல் கூடுதலாக நோயுற்றது, கூடுதலாக வெளிறியது. இடுவதை நிறுத்திப் பத்து மாதங்களில் வேறுபாடு மறைந்தது. 2014 இல் வெளிவந்த முடிவு அது. உலக வெப்பத்தைத் தணிக்க உலகம் முழுதும் போராடவேண்டும். கழிவுநீரைத் தடுக்க ஒரு நகரசபையை அசைத்தாற் போதும். நம் கைக்கெட்டிய தூரத்திலுள்ள கடமையைத் தூரத்துக் கடமையைக் காட்டித் தட்டிக்கழித்தல் நேர்மையன்று.

7

நம் நாட்டுக்கு வருவோம். கொழும்பு மாநகரின் நிலத்தடிச் சாக்கடை பிரித்தானியர் ஆட்சியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குட் செல்லும் குழாய்களின் வழியே பல தசாப்தங்களாக அம்மாநகரின் கழிவு கடலை அடைந்துவந்துள்ளது. லண்டன் தேம்ஸுக்குச் செய்ததைக் கொழும்பு கடலுக்குச் செய்தது.

குழாய் எட்டாத தெருக்களில் வாளிக் கக்கூசுகள் நெடுங்காலம் நிலைத்தன. அவற்றைச் சுமந்து அகற்ற நகரசபைகள் தென்னிந்தியாவிலிருந்து தாழ்த்தப்பட்ட சாதி மக்களைக் கொண்டுவந்து, நகரின் ஓரங்களில் நெருக்கமான வரிசை வீடுகளிற் குடியமர்த்தின. யாழ்ப்பாணமும் இதற்கு விலக்கன்று. நமது தூய்மையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அத்தொழிலாளரின் முதுகிலிருந்தே தொடங்கவேண்டும். மலத்தைத் தன் கண்ணில் படாமல் அகற்றுவதே தூய்மை என்று நம்பிய சமுதாயம், அதனைச் சுமக்க ஒரு சாதியை ஒதுக்கி வைத்தது; பின்னர் கடலையும் அந்த இடத்தில் வைத்தது. தீண்டாமையும் கடலை மாசாக்கலும் ஒரே மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகள்: நான் கழிப்பது என் பொறுப்பன்று என்பதே அம்மனப்பான்மை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலை வேறொரு வகையிற் கவலைக்குரியது. இங்கு ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. காலடியிற் கிடப்பது துளையும் வெடிப்பும் நிறைந்த சுண்ணக்கல். பெய்த மழை அதனுட் புகுந்து நன்னீராகத் தங்குகிறது. மிகுதி கடலை நோக்கிக் கசிகிறது. கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊறும் கீரிமலைக் கேணி அதனை நாம் கண்ணாற் காணும் இடம். மலக்குழிகளையும் குடிநீர்க் கிணறுகளையும் ஒரே வளவில், ஒரே சுண்ணக்கல்லில் வெட்டி வைத்திருக்கிறோம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் விதித்த வரம்பை மீறி நைத்திரேற்று இருப்பதை 1980 கள் தொடக்கம் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. தோட்டங்களுக்கு இடும் இரசாயன உரமும் மலக்குழிகளின் கசிவும் இதற்குக் காரணங்கள். மாவுயித் தீவின் எரிமலைப் பாறையூடே 84 நாட்களிற் கடலை அடைந்த நீர், நமது சுண்ணக்கல்லில் எங்கோ நின்றுவிடும் என்று நம்ப நியாயமில்லை. கிணற்றைக் கெடுப்பதும் கரையோரக் கடலைக் கெடுப்பதும் ஒரே செயலின் இரு முனைகள்.

இதன் நட்டத்தை ஏற்பவர் யார்? கரைவலை இழுப்போரும் சிறுதோணியில் முருகைக்கற் பாரை அண்டி மீன்பிடிப்போருமே. பார் மடிந்தால் மீன் அகலும். அலை நேரே கரையைத் தாக்கும். கரையோரக் குடிசை முதலிற் போகும். மாடிவீட்டில் நீரூற்றிக் கழுவுபவனுக்கும் கரையிற் பசித்திருப்பவனுக்கும் இடையே ஒரு குழாய் ஓடுகிறது. அது நிலத்தின் கீழே ஓடுவதாற் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத உறவுகளை வெளிக்கொணர்வதே சமுதாய வரலாற்றின் பணி.

கானேயோஹே நமக்குச் சில நடைமுறைப் பாடங்களைத் தருகிறது. தெளிந்த நீரெல்லாம் கடலுக்குத் தீங்கற்ற நீர் அன்று. நைதரசனும் பொசுபரசும் நீங்கும்வரை சுத்திகரிப்பு அரைகுறையே. கழிவை வேறிடத்துக்கு மாற்றுவது தீர்வின் பாதி. அதிலுள்ள சத்தைப் பாதுகாப்பான முறையில் நிலத்துக்கு மீட்பது மறுபாதி. காலம் தாழ்த்தித் தடுப்பவர் பல தசாப்தங்கள் காத்திருக்க நேரும். ஓர் உல்லாச விடுதியோ வீடமைப்புத் திட்டமோ எழும்போது, அதன் கழிவு எங்கே செல்லும், எவர் செலவில் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அத்திவாரக் கல் நாட்டுமுன் விடை கேட்கும் உரிமை அவ்வூர் மக்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு வேலை உண்டு. மாணவர் தம் பாடசாலையின் மலசலகூடத்திலிருந்து புறப்படும் நீர் எவ்வழியாகச் சென்று எங்கே முடிகிறது என்பதை ஒரு படமாக வரைந்துவரச் சொல்லலாம். கிணறு எத்தனை அடி தொலைவில் உள்ளது, கடல் எத்திசையில் உள்ளது, குழியை அள்ள வருபவர் யார், அவருடைய பிள்ளை எந்தப் பாடசாலையிற் படிக்கிறது என்பனவற்றையும் அப்படத்திற் குறிக்கச் சொல்லவேண்டும். பாடநூல் கூறாத வரலாற்றையும் புவியியலையும் அந்த ஒரு தாளில் அவர்கள் கற்றுக்கொள்வர். படம் நிறைவுபெற்றதும் அதனை உள்ளூராட்சி மன்றத்திற் காட்டி விளக்கம் கேட்கும் துணிவை ஊட்டுவது நம் பொறுப்பு.